சந்தைக்காக ஓட்டுப் போட்ட ஊர்

நமது சங்க உறுப்பினர்களில் பலருடைய மகனோ மகளோ இன்று அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள். பேரன் பேத்தியைப் பார்க்கப் போய்த் திரும்புகிறவர்கள் கடையில் உட்கார்ந்து சொல்லுகிற கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இத்தனை மாடிக் கட்டடம், இத்தனை அகலச் சாலை, ஒரு சூப்பர் மார்க்கெட்டின் உள்ளே நடந்தாலே கால் வலிக்கும் என்பார்கள். கேட்கிறவருக்கும் ஒரு பெருமூச்சு, சொல்லுகிறவருக்கும் ஒரு பெருமூச்சு. இனி நம் பெட்டிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் காலம் இல்லை என்று பேச்சு முடியும்.

நாமும் மகள் வீட்டுக்குத்தான் போனோம். ஊர் சியாட்டில். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், கடல் உள்வாங்கிய ஒரு விரிகுடாவின் கரையில் இருக்கிற பெரிய நகரம். போயிங் விமானமும், மைக்ரோசாஃப்டும், அமேசானும் வளர்ந்தது அந்தப் பக்கம்தான். கடையே இல்லாமல் வியாபாரம் செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டிய அமேசானின் சொந்த ஊர் என்பதால், அங்கே கடைவீதி என்று ஒன்று மிச்சம் இருக்குமா என்ற எண்ணத்தோடுதான் விமானம் ஏறினோம். அப்படிப்பட்ட ஊரில் வெளியூர்க்காரர்கள் முதலில் பார்க்க விரும்புகிற இடம் எது தெரியுமா? காய்கறியும் மீனும் பூவும் விற்கிற ஒரு சந்தை. அதன் பெயர் பைக் பிளேஸ் சந்தை.

மற்ற இடங்களையும் பார்க்காமல் இல்லை. 1962ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ஸ்பேஸ் நீடில் என்ற கோபுரம் 605 அடி உயரம். கட்டணம் கட்டி மேலே போனால் நகரமும் கடலும் தெரியும். மேகம் இல்லாத நாளில் ரெய்னியர் என்கிற பனிமலையும் தெரியும். நாம் போன அன்று மேகம் இருந்தது. அதற்காகக் கட்டணத்தில் ஒன்றும் குறைக்கவில்லை. அதே கண்காட்சிக்காக ஓடத் தொடங்கிய மோனோரயில் இன்றும் ஓடுகிறது. ஒரு மைல் தூரம்கூட இல்லை, உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் இறங்கச் சொல்லிவிடுகிறார்கள். விமானக் காட்சியகத்தில் பேரனுக்கு நல்ல பொழுது போயிற்று. படகில் ஏறி எதிர்க்கரைக்குப் போய்வந்தோம். இவற்றைப் பற்றி எழுத வேறு பத்திரிகைகள் உண்டு. நம் இதழில் எழுதவேண்டியது சந்தையைப் பற்றித்தான்.

மோனோரயில் நிற்கிற இடத்திலிருந்து சில தெருக்கள் நடந்தால் சந்தை வந்துவிடும். கடலைப் பார்த்த ஒரு மேட்டுச் சரிவில் கட்டியிருக்கிறார்கள். தெரு மட்டத்தில் ஒரு தளம். அதற்குக் கீழே சரிவில் இறங்க இறங்க இன்னும் சில தளங்கள். மேலே சிவப்பு எழுத்தில் பெரிய விளக்குப் பலகையும் கடிகாரமும். அதன் கீழே வெண்கலத்தில் செய்த ஒரு பன்றி நிற்கிறது. 1986ஆம் ஆண்டு ஜார்ஜியா கெர்பர் என்ற சிற்பி செய்தது. பெயர் ரேச்சல். அது உண்மையில் ஓர் உண்டியல். போகிற வருகிறவர்கள் சில்லறை போடுகிறார்கள்; அந்தப் பணம் சந்தையை ஒட்டி நடக்கிற தர்ம காரியங்களுக்குப் போகிறது. குழந்தைகள் எல்லாம் அதன் முதுகில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பன்றிக்குப் பின்னால்தான் மீன்கடை. கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது, ஆனால் வாங்குகிற கூட்டம் அல்ல, வேடிக்கை பார்க்கிற கூட்டம். வாடிக்கையாளர் ஒரு மீனைக் காட்டினால், வெளியே நிற்கிற ஆள் அதைத் தூக்கி எறிகிறார். பத்தடிக்கு அப்பால் மேடைக்குப் பின்னால் நிற்கிறவர் தாளை விரித்துப் பிடிக்கிறார். எறியும்போது எல்லோரும் சேர்ந்து சத்தம் போடுகிறார்கள். நம் வீட்டம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, சாப்பிடுகிற பொருளை எறிவதாவது என்றார். நமக்குக் காரணம் பார்த்தவுடன் விளங்கியது. மீன் வெளியே ஐஸில் கிடக்கிறது; தராசும் கல்லாவும் உள்ளே மேடைக்குப் பின்னால். ஒவ்வொரு மீனுக்கும் ஓர் ஆள் வெளியிலிருந்து உள்ளே சுற்றி நடந்து போய் வரவேண்டும். நடையை மிச்சம் பிடிக்க எறியத் தொடங்கினார்கள். மூட்டையை லாரியிலிருந்து கைமாற்றிக் கைமாற்றி இறக்குகிற நம் சுமைதூக்கும் தோழர்களுக்கு இது புதிது அல்ல. வித்தியாசம் என்னவென்றால், அங்கே அதைப் பார்க்க விமானம் ஏறி வருகிறார்கள். ஜான் யோகோயாமா என்பவர் 1965இல் வாங்கி நடத்திய கடை அது. 2018இல் அவர் ஓய்வு பெற்றபோது கடையைத் தம்மிடம் வேலை பார்த்தவர்களுக்கே விற்றுவிட்டார். இதையும் நம் உறுப்பினர்கள் கவனிக்கவேண்டும்.

இந்தச் சந்தை எப்படித் தோன்றியது என்று விசாரித்தபோதுதான் நமக்குச் சுருக்கென்றது. 1906, 1907ஆம் ஆண்டுகளில் சியாட்டிலில் வெங்காய விலை பத்து மடங்கு ஏறியதாம். விளைவித்த குடியானவனுக்கு அந்த விலை போய்ச்சேரவில்லை. அவன் சரக்கைக் கமிஷன் மண்டிகளில் இறக்குவான்; விற்றபின் மண்டிக்காரர் கணக்குப் பார்த்துக் கொடுப்பார். பல சமயம் கிடைத்த காசு வண்டிச் செலவுக்கே காணாது. வாங்குகிறவர்களோ விலை கேட்டுக் கொதித்தார்கள். நடுவில் இருந்தவர் யார்? மண்டிக்காரர். தாமஸ் ரெவெல் என்ற நகர்மன்ற உறுப்பினர், விவசாயியும் வீட்டுக்காரியும் நேருக்கு நேர் விற்று வாங்க ஓர் இடம் ஒதுக்கவேண்டும் என்று பேசி நிறைவேற்றினார். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு 17, சனிக்கிழமை, எட்டுப் பத்து விவசாயிகள்தான் வண்டியோடு வந்தார்கள். ஆயிரக்கணக்கில் ஜனம் திரண்டு, மதியத்துக்குள் எல்லா வண்டியையும் காலி செய்துவிட்டது. அதே ஆண்டுக் கடைசியில் ஃபிராங்க் குட்வின் என்பவர் முதல் கட்டடத்தை எழுப்பினார்.

ஆக, இன்று உலகமே பார்க்கப் போகிற இந்தச் சந்தை, நம்மைப் போன்ற மண்டிக்காரர்கள் மேல் வந்த கோபத்தில் பிறந்தது. அதிலும் வெங்காயத்தால். நாற்பது வருடம் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்த நாம் இதைக் கேட்டுவிட்டு சும்மா நகர முடியுமா? 1998லும் 2019லும் நம் நாட்டில் வெங்காய விலை ஏறியபோது தெருவில் போகிறவர்கள் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பது நமக்குத் தெரியும். பதுக்கல்காரன் என்ற பட்டம் மண்டி வாசலில் நிரந்தரமாகத் தொங்குகிறது.

மண்டிக்காரர் பக்கமும் சொல்ல நியாயம் உண்டு. விளைச்சலுக்கு முன்னால் முன்பணம் கொடுக்கிறவர் யார்? மழையில் நனைந்த லோடு வந்து அழுகினால் அந்த நஷ்டம் யார் தலையில்? சில்லறைக் கடைக்காரருக்கு முப்பது நாள் கடன் கொடுத்துவிட்டு அறுபதாம் நாள் வாசலில் போய் நிற்பது யார்? ஒரு நகரமே சாப்பிட வேண்டுமானால் எட்டு வண்டி போதாது. இதெல்லாம் சரிதான். ஆனாலும் அழுகல் கழிவு என்று எழுதுகிற இடத்தில் நம்மில் சிலருடைய பேனா கொஞ்சம் தாராளமாக ஓடியது உண்டா இல்லையா? குடியானவன் பக்கத்தில் நின்று பார்க்காத எடை எல்லாம் சரியான எடையா? சியாட்டில் மண்டிக்காரர்களுக்கு 1907இல் நடந்தது காரணம் இல்லாமல் நடக்கவில்லை. இதை நம் இதழில் நாமே எழுதினால்தான் மரியாதை.

அந்தச் சந்தை வியாபாரிகளை அடியோடு விரட்டிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதில் இரண்டு வகை இடம் உண்டு. உயர்ந்த அடுக்குகளோடு நிரந்தரமாக இருக்கிற பழக்கடை, காய்கறிக்கடை ஒரு வகை. இவர்கள் நம்மைப் போலத்தான், எங்கிருந்தும் கொள்முதல் செய்து விற்கலாம். தாழ்வான மேசைகள் இன்னொரு வகை. அவை நாள் வாடகைக்கு. அதில் உட்காருகிற விவசாயி தன் நிலத்தில் விளைந்ததை மட்டும் விற்கவேண்டும். கைவினைஞர் தாமே செய்ததை மட்டும். 'விளைவித்தவரைச் சந்தியுங்கள்' என்பதுதான் அங்கே எழுதி வைத்திருக்கிற வாசகம். தினமும் காலையில் மார்க்கெட் மாஸ்டர் என்ற அதிகாரி பெயர் வாசிக்கிறார். எத்தனை காலமாக வருகிறாரோ அந்த முதுநிலை வரிசைப்படி ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய மேசையைக் கேட்டு வாங்குகிறார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போல இருக்கும். வராதவனுக்கு அன்று இடம் இல்லை. யார் விளைவித்தவர், யார் வாங்கி விற்பவர் என்பது வாடிக்கையாளருக்கு மேசையின் உயரத்தைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது. இரண்டு பேரும் பிழைக்கிறார்கள். ஒருவர் வேடத்தை ஒருவர் போட முடியாது.

அந்தத் தாழ்ந்த மேசைகளின் கதையில் ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கே உட்கார்ந்து விற்றவர்களில் பெரும் பகுதி ஜப்பானிய வம்சத்து விவசாயிகள். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் கூடாது என்று தடுத்தது. அப்படியும் எப்படியோ பயிர் செய்து கொண்டுவந்தார்கள். 1942 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவு போட்டார். மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சத்தவர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் கொண்டுபோய் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் அமெரிக்கப் பிரஜைகள். சந்தையில் வரிசை வரிசையாக மேசைகள் காலியாயின. போர் முடிந்த பின்னும் பலர் திரும்பி வரவில்லை. நிலம் கை மாறிவிட்டது. இதை நினைவில் வைக்க 1999இல் அகி சோகாபே என்ற ஓவியர் செய்த சித்திரங்களைச் சந்தையின் நுழைவுப் பகுதியில் மேலே பதித்திருக்கிறார்கள். கீழே மீன் எறிவதைப் பார்க்கிற கூட்டத்தில் நிமிர்ந்து பார்க்கிறவர் குறைவு. பல வருடம் ஒரே இடத்தில் நின்று வாடிக்கை பிடித்தவனை ஒரே உத்தரவில் எழுப்பினால் என்ன ஆகும் என்பது கடை வைத்திருக்கிற நமக்குச் சொல்லித் தெரியவேண்டியது இல்லை.

அதன்பிறகு சந்தை நொடித்தது. ஜனங்கள் கார் வாங்கிப் புறநகரில் குடியேறினார்கள், சூப்பர் மார்க்கெட் வந்தது, கட்டடம் ஒழுகியது. 1963இல் ஒரு திட்டம் போட்டார்கள். சந்தையை இடித்துவிட்டு அங்கே ஹோட்டல், அடுக்குமாடி வீடுகள், அலுவலகக் கட்டடங்கள், ஹாக்கி விளையாட்டு அரங்கம், கார் நிறுத்துமிடம் எல்லாம் கட்டுவது என்று. நகராட்சியும் நகர மையத்துப் பெரிய வணிகர்களும் அதன் பக்கம் நின்றார்கள். இது வளர்ச்சி, அது குப்பை என்று வாதம். எங்கேயோ கேட்ட குரல் போல இருக்கிறதா?

எதிர்த்து நின்றவர் விக்டர் ஸ்டைன்புரூக் என்ற கட்டடக் கலைஞர், பல்கலைக்கழகப் பேராசிரியர். மேலே சொன்ன ஸ்பேஸ் நீடில் கோபுரத்துக்கு இடுப்பு ஒடுங்கிய அந்த வடிவத்தைக் கொடுத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. புதுமையை வெறுத்த ஆள் அல்ல. 605 அடிக் கோபுரம் வரையத் தெரிந்தவர்தான் கீரைக்கட்டு விற்கிற கொட்டகையை இடிக்காதே என்றார். 1964இல் 'சந்தையின் நண்பர்கள்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ஏழு ஆண்டுகள் மனு, கூட்டம், ஊர்வலம். கடைசியில் பல்லாயிரக்கணக்கான கையெழுத்துகளைத் திரட்டி, விஷயத்தை நகர மக்களின் நேரடி வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். 1971ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி சியாட்டில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். சந்தை இருக்கவேண்டும் என்ற பக்கம் தெளிவாக ஜெயித்தது. ஏழு ஏக்கர் இடம் பாதுகாக்கப்பட்ட வட்டாரம் ஆனது. 1973இல் சந்தையை நிர்வகிக்க ஒரு பொது அமைப்பை நகராட்சியே ஏற்படுத்தியது.

இந்த இடத்தில் உறுப்பினர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். அந்த ஓட்டைப் போட்டவர்கள் யார்? கடைக்காரர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம். அவர்கள் ஓட்டு மட்டும் இருந்தால் டெபாசிட் கிடைத்திருக்காது. ஓட்டுப் போட்டது வாடிக்கையாளர்கள். சூப்பர் மார்க்கெட்டில் கார் நிறுத்தி மலிவாக வாங்கத் தெரிந்த வாடிக்கையாளர்கள். அவர்களே வீடு வீடாக, தெரு முனையில் நின்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

நாம் இங்கே பெரிய நிறுவனங்களின் தொடர் கடைகளுக்கு எதிராக எத்தனையோ தடவை கடையடைப்பு நடத்தியிருக்கிறோம். நாமும் சந்தா கொடுத்தோம், ஷட்டரை இறக்கினோம், ஊர்வலத்தில் வெயிலில் நடந்தோம். தவறு என்று சொல்லவில்லை. ஆனால் நமக்காக எந்த வாடிக்கையாளராவது ஒரு கையெழுத்துப் போட்டாரா? அன்று பால் கிடைக்கவில்லை, தீப்பெட்டி கிடைக்கவில்லை என்று முணுமுணுத்தார். மறுநாள் வழக்கம்போல வந்தார். கொஞ்ச நாளில் பேரங்காடிக்கும் போனார். அண்ணாச்சி கடை மூடினால் எனக்கு நஷ்டம் என்று அவர் எண்ணும்படி நாம் நடந்துகொண்டோமா என்பதே கேள்வி. கடன் கொடுத்தோம், கல்யாணத்துக்குச் சரக்கு அனுப்பிவிட்டுப் பணம் பிறகு வாங்கினோம், உண்மைதான். ஆனால் அச்சிட்ட விலைக்கு மேல் இரண்டு ரூபாய் வைத்ததும், கேட்டால் எரிந்து விழுந்ததும், பில் கேட்டவரை மேலும் கீழும் பார்த்ததும் அந்தக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் இருக்கிறது.

மீண்டும் சியாட்டிலுக்கு வருவோம். சந்தையைக் காப்பாற்றியபின் அதற்குப் போட்ட விதிகள்தான் நமக்கு முக்கியம். கடை வைத்திருப்பவர் தாமே கடையில் நின்று நடத்தவேண்டும். தொடர் கடைகளுக்கு இடம் இல்லை. ஒரு கடையில் இதுவரை விற்றதை விட்டு வேறு வியாபாரம் மாற்றவேண்டும் என்றாலும், பெயர்ப்பலகையை மாற்றவேண்டும் என்றாலும் ஒரு குழுவின் அனுமதி வேண்டும். வாடகை அதிகம் தருகிறார் என்பதற்காக மட்டும் கசாப்புக் கடையை எடுத்துவிட்டு நினைவுப்பொருள் கடை வைத்துவிட முடியாது. நமக்கு இப்படி ஒரு குழு வந்தால் நாமே முதல் ஆளாகக் கத்துவோம். ஆனால் இன்று அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட சிறு கடைகள் சொந்தக்காரர்களே நடத்துகிறார்கள் என்றால் அந்தக் குழுவின் கெடுபிடியால்தான்.

இதில் ஒரு வேடிக்கை. உலகமெங்கும் கிளை பரப்பிய ஸ்டார்பக்ஸ் காபிக் கம்பெனிக்கு அந்தச் சந்தையில் கடை இருக்கிறது. தொடர் கடைக்கு அனுமதி இல்லாத இடத்தில் அது எப்படி என்றால், அது அங்கேயே ஒற்றைக் கடையாக முளைத்தது. 1971இல், அதாவது ஓட்டெடுப்பு நடந்த அதே வருடம். சந்தையில் பிறந்த கடைக்கு விலக்கு உண்டு. அதன் வாசலில் காலையிலிருந்து நீண்ட வரிசை. முதல் கடையில் காபி குடித்தோம் என்று சொல்லிக்கொள்ள அரை மணி, முக்கால் மணி நிற்கிறார்கள். உண்மையில் 1971இல் திறந்த இடம் அது அல்ல. அது கொஞ்சம் தள்ளி வேறு தெருவில் இருந்தது, 1976இல்தான் இப்போதைய இடத்துக்கு மாறினார்கள். இதை வரிசையில் நின்ற ஒருவரிடம் மாப்பிள்ளை சொன்னார். அவர் சிரித்துவிட்டு வரிசையிலேயே நின்றார். காபியும் மற்றக் கிளைகளில் கிடைக்கிற அதே காபிதான்.

சந்தையின் மாடிகளில் நானூறு பேருக்கு மேல் குடியிருக்கிறார்கள். பெரும்பாலும் வருமானம் குறைந்த முதியவர்கள். அவர்களுக்கு மருத்துவமனை, முதியோர் மையம், குழந்தைகளுக்குப் பள்ளி, இலவச உணவுப்பொருள் வழங்கும் இடம் எல்லாம் சந்தைக்குள்ளேயே. பன்றி உண்டியல் காசு இதற்குத்தான். 1980களில் தரை பழுதானபோது பணம் திரட்ட ஒரு வழி செய்தார்கள். 35 டாலர் கொடுத்தால் உங்கள் பெயர் பொறித்த ஓர் ஓடு தரையில் பதிக்கப்படும். நாற்பதாயிரத்துக்கும் மேல் ஓடுகள் சேர்ந்தன. நம் கோயில்களில் வெளிச்சம் மறைகிற அளவுக்கு டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவோமே, அதே சங்கதி. அவர்கள் காலுக்குக் கீழே எழுதிக்கொண்டார்கள், விளக்கு தப்பித்தது.

நிர்வாகம் சறுக்கியதும் உண்டு. வரிச் சலுகைக் கணக்கு ஒன்றுக்காக 1980களில் கட்டடங்களின் உரிமையைக் காகித அளவில் நியூயார்க் முதலீட்டாளர்களுக்கு எழுதிக்கொடுத்தார்கள். வரிச் சட்டம் மாறியதும், காகிதத்தில் இருந்த உரிமையாளர்கள் நிஜ உரிமையாளர்களாக வந்து நின்றார்கள். வழக்காகி, பணம் கொடுத்து 1991இல் சமாதானமாகி மீட்டார்கள். ஆடிட்டர் சொன்னார் என்று சொத்தைப் பினாமியில் எழுதிவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் நம் வட்டாரத்திலும் உண்டு. 2008இல் பழுதுபார்க்க ஏழு கோடியே முப்பது லட்சம் டாலர் வேண்டும், அதற்காகச் சொத்துவரி கூட்டலாமா என்று மறுபடி மக்களைக் கேட்டார்கள். மறுபடி ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டார்கள். 1971க்குப் பிறகு ஒரு தலைமுறையே மாறியிருந்தது. 2017இல் கடலைப் பார்த்த பக்கம் புதிய கட்டடமும் சேர்ந்தது; அதிலும் முதியோருக்கு நாற்பது வீடுகள் கட்டினார்கள்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் பொய். ஆண்டுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் வருகிறார்கள். அதில் முட்டைக்கோஸ் வாங்குகிறவர் எத்தனை பேர்? ஹோட்டல் அறையில் தங்குகிறவன் முட்டைக்கோஸை என்ன செய்வான்? படம் எடுக்கிறான், ஒரு டம்ளர் காபி குடிக்கிறான், போகிறான். உள்ளூர்க்காரர்களோ இந்த நெரிசலில் யார் போவது என்று கோடைக் காலத்தில் ஒதுங்கிவிடுகிறார்கள். நெரிசலில் நின்று பார்த்தபோது, பூ விற்கிறவர்களுக்குத்தான் கை ஓய்வில்லை. லாவோஸ் நாட்டுப் போரில் அகதிகளாக வந்த ஹமாங் இனத்து விவசாயக் குடும்பங்கள் கொண்டுவருகிற பூங்கொத்துகள் மலிவு. சுற்றுலாக்காரரும் வாங்குகிறார், உள்ளூர்க்காரரும் வாங்குகிறார். பூக் கட்டுகிற அந்தப் பெண்களின் வேகத்தைப் பார்த்து நம் வீட்டம்மா அரைமணி நேரம் நகரவில்லை. காய்கறிக்காரர்களின் பாடுதான் திண்டாட்டம்.

சந்தைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் மென்று துப்பிய சூயிங்கத்தைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதையும் ஒரு காட்சி என்று வரிசையில் நின்று பார்க்கிறார்கள். 2015இல் சுரண்டி எடுத்தபோது ஆயிரம் கிலோவுக்கு மேல் வந்ததாம். இப்போது பழையபடி ஒட்டிவிட்டார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனம் இல்லை.

இன்னொரு பிரச்சினை நம்முடையதே போல இருந்தது. சந்தைத் தெருவில் கார் விடலாமா கூடாதா என்று அங்கே பல ஆண்டுகளாக வாக்குவாதம். கார் வராவிட்டால் பெட்டி பெட்டியாக வாங்குகிற உள்ளூர்க்காரர் வரமாட்டார் என்று கடைக்காரர்களில் ஒரு சாரார். கார் நடுவே நுழைந்து குழந்தைகள் மேல் இடிக்கப் போகிறது என்று மற்றொரு சாரார். 2025 ஏப்ரலில் சோதனையாகப் பொதுக் கார்களை நிறுத்தினார்கள். சரக்கு இறக்குகிற வண்டிக்கும், ஊனமுற்றோர் வாகனத்துக்கும், வாங்கிய சாமானை எடுத்துப்போக வருகிறவர்களுக்கும் வழி விட்டார்கள். நம் கடைவீதிகளில் வாகனத்தைத் தடுக்கிறபோது முதலில் தடுப்பது சரக்கு வண்டியை. லாரி ராத்திரி பத்துக்கு மேல் வரட்டும் என்பார்கள். சரக்கு வராத கடைவீதியில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கும் என்று கேட்க ஆள் இல்லை.

1996இல் கொத்தவால்சாவடி கோயம்பேட்டுக்குப் போனபோது சென்னையில் நெரிசல் குறைந்தது, லாரிக்கு இடம் கிடைத்தது; மண்டித் தொழிலுக்கு அது தேவைதான் என்பதே நம் அபிப்பிராயம். பழையதை எல்லாம் அப்படியே வைக்கவேண்டும் என்று நாம் வாதாடவில்லை. சியாட்டிலிலும் மொத்த வியாபாரம் அந்த மேட்டில் நடக்கவில்லை. அவர்கள் காப்பாற்றியது, சாதாரண ஜனம் பையோடு வந்து வாங்குகிற இடத்தை. காட்சிக்கூடமாக ஆக்குகிறோம் என்று கிளம்பியிருந்தால் இன்று அங்கே பொம்மைக் கடைதான் இருக்கும். சந்தையாகவே இருக்கட்டும் என்று கெடுபிடி செய்ததால் பார்க்க வருகிறார்கள். நம் கோயில் நகரங்களில் சுற்றுலாவுக்காகக் கடைவீதியை அழகுபடுத்துகிறோம் என்று யாராவது வரைபடத்தோடு வந்தால், அதில் மளிகைக்கடை எங்கே, காய்கறிக்கடை எங்கே, வாடகை என்ன என்று சங்கம் முதலில் கேட்கவேண்டும். கிரானைட் தரையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கிளம்புவதற்கு முன்னால் உயர்ந்த அடுக்கு வைத்த ஒரு பழக்கடையில் நின்றோம். நம் வீட்டம்மா பழக்கதோஷத்தில் பீச் பழத்தை அமுக்கிப் பார்க்கப் போனார். கடைக்காரர், நம் வயது இருக்கும், கையை நீட்டித் தடுத்துவிட்டு, "எப்போது சாப்பிடப் போகிறீர்கள்?" என்று கேட்டார். இன்று இரவு இரண்டு, நாளை மறுநாள் நான்கு என்றோம். அடுக்கின் முன்பக்கத்திலிருந்து ஒன்றும் எடுக்காமல் பின்னாலிருந்து இரண்டையும், இன்னொரு பெட்டியிலிருந்து நான்கையும் தனித்தனித் தாள்பையில் போட்டுக் கொடுத்தார். நாம் வெங்காய வியாபாரி என்று மாப்பிள்ளை சொன்னதும் மனிதர் முகம் மலர்ந்தது. வாலா வாலா என்ற அவர்கள் மாநிலத்து வெங்காயம் ஒன்றை எடுத்துக் கத்தியால் நறுக்கி நீட்டினார். முஷ்டி அளவு, கண்ணில் தண்ணீர் வரவில்லை, தின்றால் இனிக்கிறது. நீர்ச்சத்து அதிகம், மூட்டை கட்டி அடுக்கினால் தாங்காது என்று பார்த்தவுடன் தெரிந்தது. அதையே சொன்னோம். ஆமாம், சீக்கிரம் விற்றாக வேண்டும், தங்கினால் போச்சு என்றார்.

அழுகினால் அது உங்கள் கணக்கா, அனுப்பிய விவசாயி கணக்கா என்று கேட்கச் சொன்னோம். மாப்பிள்ளை கேட்டு முடிப்பதற்குள் மனிதர் தம் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். பிறகு நம்மைப் பார்த்து, உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார். மாப்பிள்ளை நம் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆளுக்கு ஆள் மாறும்" என்று சொல்லச் சொன்னோம்.